ருசி மாறிய கிணறு

எங்கள் ஒழுங்கை ஒரு குறுகலான தெரு. அதில் எல்லா வீட்டிலும் கிணறு இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாழைக்கு விடலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் இருந்தது ஒழுங்கை முடக்கில் இருக்கும் அக்காவின் வளவில் மட்டும்தான். எங்கள் கிணற்றுக்கும் அவருடைய கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலியும் நாலைந்து தென்னையும்தான். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல் யாருக்கு எதைக் கொடுக்கும் என்பதற்கு நியாயம் கிடையாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த எனக்கும் அது விளங்கியதில்லை.

ஒழுங்கை முழுவதும் அக்கா என்று கூப்பிடும் அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை, தனியாகத்தான் இருக்கிறார். குடிதண்ணீர் அள்ள வருகிறவர்களுக்கு அவர் வைத்த சட்டங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. செருப்பைப் படலைக்கு வெளியே விட வேண்டும். மோட்டார் போடக் கூடாது, கப்பியில்தான் அள்ள வேண்டும். வாளி அவருடையதாக இருக்க வேண்டும். மீன் இறைச்சி என்று மச்சம் பட்ட ஏனம் கிணற்றடிக்கு வரவே கூடாது. நாங்கள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு. ஆகவே அந்தக் கிணற்றுக்கென்றே என் மனைவி ஒரு பித்தளைக் குடத்தைத் தனியாக வைத்திருந்தார். கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்த கிழமையே வாங்கிய குடம். வேறு எந்தத் தண்ணீரும் அதில் பட்டதில்லை.

பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அள்ளலாம். அந்த இரண்டு மணித்தியாலமும் அக்கா கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். குடத்தோடும் பிளாஸ்டிக் கானோடும் வருகிற சனம் முறை வரும்வரை நின்று கதைக்கும். யாருடைய பிள்ளைக்கு விசா வந்தது, யாருடைய பசு கன்று போட்டது, எந்த வீட்டில் யார் யாரோடு கோபம், எல்லாம் அங்கே அவிழும். அக்கா செத்தவீட்டுக்கு அல்லாமல் வேறு எதற்கும் யார் வீட்டுப் படலையும் திறந்தவர் அல்லர். அவருக்குத் தேவையும் இருக்கவில்லை. ஒழுங்கை அவரைத் தேடி வந்தது. மிச்ச இருபத்திரண்டு மணித்தியாலத்தையும் அவர் அந்த இரண்டு மணித்தியாலத்தை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார் என்று நினைக்கிறேன். அந்த இரண்டையும் அவரிடமிருந்து எடுத்தவன் நான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் இலேசில் நம்பாதவன் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. எங்கள் ஒழுங்கைக்காரர் ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எந்தப் பழத்தை எந்தப் பழத்தோடு தின்றால் நஞ்சு, சுடுதண்ணீரில் எதைப் போட்டுக் குடித்தால் புற்றுநோய் ஓடும் என்று விடிந்தால் பொழுதுபட்டால் ஏதாவது வரும். நான் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு சொல் எழுதுவேன்: ஆதாரம்? அதனால் என்னை ஆதார மாஸ்ரர் என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நோய் ஃபோன் வழியாகத்தான் வரும், நான் அதற்குக் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருட மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் எழும்ப முடியவில்லை. காய்ச்சல் விட்ட அன்று மனைவி செம்பில் தண்ணீர் தந்தார். ஒரு மிடறு குடித்தேன். நாக்கில் பழைய செப்புக் காசை வைத்ததுபோல இருந்தது. “தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அப்போது என்னைப் பார்க்க முன்வீட்டுக் கிளாக்கர் வந்திருந்தார். எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், நல்ல மனிதர். பால்மாப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று கூட நான் கவனிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் அன்று மாலையே மறந்துவிட்டேன்.

தை பிறந்த பிறகு தலைமயிர் வெட்டக் கொடிகாமம் போனேன். கத்தரிக்கோல் போய்க்கொண்டிருக்கும்போதே சலூன்காரர் கேட்டார், உங்கள் ஒழுங்கை நல்ல தண்ணீர்க் கிணறு கெட்டுப்போய்விட்டதாமே என்று. எனக்குத் திடுக்கென்றது. யார் சொன்னார்கள் என்றேன். சனம் கதைக்குது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடுத்த சந்தை நாளில், வழமையாக நான் கத்தரிக்காய் வாங்கும் பெண்மணி அதையே சொன்னார். அவருடைய கதையில் கொஞ்சம் கூட இருந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாய்ப் படிகிறதாம், யாரோ ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கல்லாம். பிறகு அந்தக் கிழமையே கனடாவிலிருந்து என் மனைவியின் தங்கை ஃபோன் எடுத்தார். அத்தான், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், இங்கேயெல்லாம் அதைப் பற்றித்தான் கதை என்றார்.

மூன்று பேர். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர். வகுப்பில் நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், ஒரே முடிவு மூன்று தனித்தனி வழிகளால் வந்தால் அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது என்று. அந்தக் கணக்கின்படி எனக்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேத்திலைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளையாய்ப் படிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கேத்திலில் அது இல்லை? சுண்ணாம்பு நிலத்துத் தண்ணீருக்கு அது பிறவிக் குணம். அதற்குச் சமன்பாடு எழுதிச் சோதனைக்குக் கேள்வியும் போட்டவன் நான். ஆனாலும் அன்று அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. செம்பில் தண்ணீர் வார்த்து மெதுவாகக் குடித்துப் பார்த்தேன். இருந்தது. நடித்தேன் என்றோ, கற்பனை பண்ணினேன் என்றோ நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடிநாக்கில் அந்தக் கசப்பு உண்மையாகவே இருந்தது. மனைவியைக் குடிக்கச் சொன்னேன். அவரும் ஒரு மிடறு குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஓம், ஏதோ கிடக்குத்தான் என்றார்.

அதற்கு அடுத்த நாள் கொடிகாமத்தில் வடிகட்டிய தண்ணீர் விற்கிற இடத்திலிருந்து நீலக் கான் ஒன்று எங்கள் படலையில் வந்து இறங்கியது. ஒழுங்கை பார்த்தது. மாஸ்ரர் வீட்டில் கான் இறங்கிய பிறகு மற்ற வீடுகள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஒரு மாதத்துக்குள் சின்ன லொறி ஒன்று கிழமைக்கு இரண்டு தரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரத் தொடங்கியது. எங்கள் பித்தளைக் குடத்தை மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு அதற்குள் வெங்காயம் போட்டார்.

அக்காவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததுண்டு. நினைப்பதோடு சரி. கடைக்குப் போகும்போது அவருடைய படலையைத் தாண்டும் இடத்தில் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன். பின்னேரத்தில் எங்கள் வேலியால் பார்த்தால் கிணற்றடி தெரியும். முதலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். பிறகு இரண்டு பேர். பங்குனி அளவில் ஒழுங்கைத் தொங்கலில் கடைசி வீட்டில் இருக்கும் ஏழைக் குடும்பம் ஒன்று மட்டும் வந்தது. வேறு வழி இல்லாததால் வந்தது. அந்தப் பெண்ணும் முந்திப்போல நின்று கதைப்பதில்லை, அள்ளினவுடனே போய்விடுவார். அக்கா நாலு மணிக்குக் கதிரையைப் போடுவதும் ஆறு மணிக்கு எடுப்பதும் மாறவில்லை.

ஒரு நாள் எங்கள் படலை திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா. செத்தவீட்டுக்கு அல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத மனிசி எங்கள் முற்றத்தில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மாமரத்துக்குக் கீழே நின்றபடியே கேட்டார்.

“மாஸ்ரர், என்ரை தண்ணியிலை என்ன குறை?”

“எல்லாரும் ஒரு மாதிரிச் சொல்லினம் அக்கா,” என்றேன்.

“எல்லாரும் எண்டா ஆர்?”

கேட்டுவிட்டு அவர் நிற்கவில்லை. படலையைக் கொளுவி வைத்துவிட்டுப் போனார். மூன்றே சொற்கள். என் வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் நான் கேட்டுக் களைத்த கேள்வி அது. என்னிடமே நான் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் காலமை வெட்டுவதற்கு மயிர் இல்லாமலே சலூனுக்குப் போனேன். யார் சொன்னது என்று பிடிவாதமாகக் கேட்டேன். யோசித்துவிட்டு, உங்கள் முன்வீட்டுக் கிளாக்கர்தான் என்றார். சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய்ப் பெண்மணிக்குச் சொன்னது கிளாக்கரின் மனைவி. கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு யார் சொன்னது என்று ஃபோனில் கேட்டபோது அவர் சிரித்தார். அக்காதான் சொன்னவ, அத்தானுக்குத் தண்ணி பிடிக்கேல்லையாம் எண்டு, என்றார். அக்கா என்றது என் மனைவியை. குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டு நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர், ஓம், காய்ச்சல் நேரம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன், வேறென்ன என்றார்.

கடைசியாகக் கிளாக்கரிடம் போனேன். அவர் வெயிலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள்தானே மாஸ்ரர் முதல் சொன்னது. கட்டிலிலை கிடக்கேக்கை. நான் பக்கத்திலைதானே இருந்தனான்.”

மூன்று சாட்சியும் போய் முடிந்த இடம் என் கட்டில். நான் சொன்ன ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி, கடலும் தாண்டி, வேறு வேறு முகங்களை மாட்டிக்கொண்டு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. நான் அதை ஆதாரம் என்று கதிரை போட்டு இருத்தியிருக்கிறேன். அன்று முற்றத்தில் நின்றபடியே எனக்கு மற்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் கிழமை தண்ணீர் மட்டும் கசக்கவில்லை. கஞ்சி கசந்தது. கொத்தமல்லி கசந்தது. பாண் கசந்தது. கிளாக்கர் கொண்டுவந்த பிஸ்கட்டும் கசந்தது. மாறிப்போயிருந்தது என் நாக்கு. காய்ச்சலும் விழுங்கின குளிசையும் போன பிறகு அது சரியாகியும் விட்டது. அப்படிச் சரியான நாக்கில்தான் பிறகு நான் கேள்விப்பட்டதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

என் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. விசர் பிடித்தவன்போல ஒரு போத்தலைச் சுடுதண்ணீரில் அலசி, அந்த ஏழைப் பெண்ணிடம் கொடுத்து, அக்காவின் கிணற்றில் நிரப்பி வாங்கினேன். யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுத்து, அங்கிருந்து பக்கத்திலிருக்கும் திருநெல்வேலிக்கு இன்னொரு பஸ் எடுத்து, தண்ணீர் சோதிக்கும் இடம் ஒன்றில் கொடுத்தேன். மடியில் போத்தலை வைத்துக்கொண்டு போகும்போது, கெட்ட தண்ணீர் என்று முடிவு வந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அப்படி வந்தால் நான் குற்றவாளி இல்லை அல்லவா? பத்து நாள் கழித்துத் தாள் வந்தது. எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. குடிக்க உகந்தது என்று போட்டிருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். எல்லோரும் மரியாதையாகக் கதிரை தந்தார்கள். தாளை வாங்கிப் பார்த்தார்கள். நல்லது மாஸ்ரர் என்றார்கள். கான் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்கள். ஒருவர், ஒரு போத்தலில் என்ன தெரியும், கிணறு ஆழம் என்றார். ஒருவர், அன்றைக்கு நல்லாக இருந்திருக்கும் என்றார். மாஸ்ரர் பாவம், அந்த மனிசிக்காக இவ்வளவு தூரம் அலைகிறார் என்று ஒரு வீட்டில் நான் படலை தாண்டுவதற்கு முதலே சொன்னது காதில் விழுந்தது. கட்டிலில் கிடந்து முனகிய ஒரு சொல்லை நம்பினவர்களுக்கு, முத்திரை குத்திய தாளை நம்ப முடியவில்லை.

கிளாக்கர் வீட்டில் நான் முழுவதையும் ஒத்துக்கொண்டேன். அந்த நேரம் எனக்கு எல்லாமே கசந்தது, அது காய்ச்சல் நாக்கு, பிழை என்னுடையது என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அந்தக் காய்ச்சலுக்கையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குப் பாருங்கோ மாஸ்ரர். எங்களுக்கெல்லாம் பிறகுதான் தெரிஞ்சது.”

அவர் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். ஃபோன் குழுவில் அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டேன். கனநேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு யாரோ கை கூப்பும் படம் ஒன்று போட்டார்கள். அதற்குக் கீழே, எலுமிச்சம் பழத்தைப் பற்றி ஏதோ வந்தது. நான் ஆதாரம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை எழுதவே இல்லை.

எல்லா வீடும் ஏறி முடித்த பிறகுதான் அக்காவிடம் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய வீடு. கோழைத்தனம், வேறொன்றும் இல்லை. நாலரை மணி இருக்கும். செருப்பைப் படலைக்கு வெளியே விட்டேன். கதிரையில் அவர் தனியே இருந்தார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து வாசித்தார். சங்கக்கடையில் சாமான் இறங்கும்போது பட்டியலை அப்படித்தான் பார்ப்பார். நான் நின்றபடியே நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். கட்டில், கிளாக்கர், சலூன், சந்தை, கனடா, எல்லாம்.

“அப்ப உங்கடை வாயாலைதான்,” என்றார். 

“ஓம் அக்கா.”

அவர் கோபப்படவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். தாளை நாலாய் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வாளியைக் காட்டினார்.

“ஒருக்கா அள்ளிக் குடியுங்கோ, பாப்பம்.”

கயிறு காய்ந்து சொரசொரவென்று கிடந்தது. கப்பி சத்தம் போட்டது. வாளியைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்து, செம்பில் மொண்டு, அண்ணாந்து குடித்தேன். குளிர்ந்த தண்ணீர். நல்ல தண்ணீர். அது நல்ல தண்ணீர் என்பதற்கு உலகத்தில் என்னைவிடப் பெரிய சாட்சி இல்லை. நான் அதை ஆற அமர, ருசித்து, அவருக்குத் தெரியும்படி குடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாவது மிடற்றில் தொண்டை என்னைக் கேட்காமல் இறுகிக்கொண்டது. மருந்து குடிக்கிறவனைப்போல ஒரே மூச்சில் விழுங்கி முடித்தேன். அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நல்லாத்தான் கிடக்கு அக்கா,” என்றேன்.

அவர் செம்பை வாங்கி மிச்சத்தைச் செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றினார்.

“விடுங்கோ மாஸ்ரர். எனக்கும் இப்ப கொஞ்ச நாளா அப்பிடித்தான் வாயிலை படுகுது.”

இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன் என்று உள்ளே போனார். நான் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு முக்காலியின் மேல், பழைய சேலைத் துண்டால் மூடியபடி, நீலக் கான் ஒன்று இருந்தது. லொறி அவருடைய படலையில் நின்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒழுங்கைக்குத் தெரியாமல் கொடிகாமத்துக்குப் போய், ஓட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் சேலைத் துண்டை விலக்கி, கேத்திலை நிரப்பி, திரும்பவும் மூடுவதைப் பார்த்தேன்.

தேத்தண்ணீர் வந்தது. நான் அதைக் கடைசித் துளி வரை குடித்தேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.